லாரி ஓட்டுநரும் துப்பாக்கியும்: அமெரிக்க மாநில எல்லைகளைத் தாண்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணா, ஒன்று கேட்க வேண்டும். வண்டியில் ஒரு கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?"

நான் அட்லாண்டா பக்கம் ஒரு சிறிய சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் டிஸ்பாட்சராக இருந்தபோது, இரவு பதினொன்றரை மணிக்கு வந்த அழைப்பு அது. அழைத்த ஓட்டுநர்த் தம்பி தென் கரோலினாவில் நெடுஞ்சாலை இறக்கத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தியிருந்தான். லாரி நிறுத்தங்கள் எல்லாம் நிரம்பிவிட்டன. விதிப்படி ஓட்டக்கூடிய நேரமும் முடிந்துவிட்டது. இருட்டில் யாரோ டிரெய்லரைச் சுற்றி நடக்கும் சத்தம் கேட்டதாம்.

அவன் பயம் வீண் பயம் இல்லை. 2009 மார்ச் மாதம் அதே தென் கரோலினாவில், சரக்கு இறக்கும் இடத்துக்குச் சில மைல் தூரத்தில், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்திக் காத்திருந்த ஜேசன் ரிவன்பர்க் என்ற ஓட்டுநர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகாரனுக்குக் கிடைத்தது 7 டாலர். லாரிகளுக்குப் பாதுகாப்பான நிறுத்துமிடம் வேண்டும் என்று 2012-ல் வந்த மத்தியச் சட்டப் பிரிவை இன்றும் 'ஜேசன் சட்டம்' என்றுதான் அழைக்கிறார்கள்.

தம்பியின் கேள்விக்கு ஓட்டுநர்கள் நடுவே இரண்டு பதில்கள் உலவுகின்றன. 'லாரி ஓட்டுநர் துப்பாக்கி வைத்திருப்பதை மத்திய அரசு தடை செய்திருக்கிறது' என்பது ஒன்று. 'ஆயுத உரிமை தரும் அரசியல் சாசன இரண்டாம் திருத்தம் இருக்கிறது, எங்கும் கொண்டு போகலாம்' என்பது மற்றொன்று. இரண்டும் தவறு. சரக்கு வாகனங்களுக்கான மத்திய விதிகளில் ஓட்டுநருக்குத் துப்பாக்கி கூடாது என்று ஒரு வரியும் கிடையாது. இரண்டாவதை நம்பியவர்களோ, பதிவில் ஒரு குற்றமும் இல்லாத நல்ல மனிதர்கள், நியூஜெர்சிச் சிறையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே சொல்வது வழக்கறிஞர் ஆலோசனை இல்லை; வண்டியை அனுப்பும் மேசையில் இருந்தவன் ஓட்டுநர்களுக்குச் சொல்லிவந்த வரிசை.

படி 1: உங்கள் கையில் துப்பாக்கி இருக்கலாமா?

மாநிலங்களைப் பற்றி யோசிக்கும் முன் மத்தியச் சட்டத்தின் தடைப்பட்டியலைப் பாருங்கள். ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், குடும்ப வன்முறையில் தண்டிக்கப்பட்டவர், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர் ஆகியோர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. கஞ்சாவை மாநிலம் அனுமதித்திருந்தாலும் மத்தியச் சட்டத்தின் கண்ணில் அதைப் புகைப்பவர் இந்தப் பட்டியலில்தான் வருவார்.

நம் மக்கள் கவனிக்க வேண்டியது குடியேற்ற நிலை. தற்காலிக விசாவில் நாட்டுக்குள் வந்தவர்களுக்கு, சில விலக்குகள் தவிர, துப்பாக்கி தடை. அனுமதியின்றித் தங்கியிருப்பவர்களுக்கும் தடை. கிரீன் கார்டு உள்ளவர் வைத்திருக்கலாம். ஆனால் அவர் குடிமகனை விடப் பத்து மடங்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டும். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் குடியேற்றச் சட்டப்படி நாடு கடத்த அதுவே போதும். குடிமகனுக்கு அபராதத்தோடு முடிகிற ஒரு பிழை, கிரீன் கார்டுக்காரருக்கு வீடு, குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பறித்துவிடும். அடைக்கலம் கோரிக் காத்திருப்பவர்கள் வழக்கறிஞரிடம் கேட்காமல் துப்பாக்கிக் கடை வாசலைக்கூட மிதிக்க வேண்டாம்.

படி 2: வண்டி யாருடையது?

பெரிய போக்குவரத்து நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் வண்டிகளில் துப்பாக்கியைத் தடை செய்திருக்கின்றன. அதை மீறுவது குற்றமாகாது, வேலை போகும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் ஊழியர் தன் சொந்த வாகனத்தில் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதை முதலாளி தடுக்க முடியாது என்று சட்டம் இருக்கிறது. அதைக் காட்டி வாதாடுபவர்கள் 'சொந்த' என்ற சொல்லை விட்டுவிடுகிறார்கள். கம்பெனி லாரிக்கு அது பொருந்தாது. சொந்த வண்டியை ஒரு நிறுவனத்தின் கீழ் ஒப்பந்தத்துக்கு ஓட்டுபவரும் ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டும்.

சரக்கு ஏற்றும் கிடங்குக்கும் தனி விதி இருக்கலாம். வாயிலில் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். டெக்சாஸில் துப்பாக்கியோடு நுழையாதே என்று சொல்லும், 30.06, 30.07 என்ற எண்கள் கொண்ட பலகைகளுக்குச் சட்ட பலம் உண்டு.

படி 3: பாதையைக் காகிதத்தில் எழுதுங்கள்

மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

1986-ல் வந்த துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் பயணப் பிரிவு, எண் 926ஏ, இப்படிச் சொல்கிறது: நீங்கள் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் கூடிய ஓர் இடத்திலிருந்து, அதேபோல வைத்திருக்கவும் எடுத்துச்செல்லவும் கூடிய இன்னோர் இடத்துக்குப் போகும்போது, நடுவில் உள்ள மாநிலத்தின் சட்டம் எதுவானாலும் கொண்டு போகலாம். தோட்டா நிரப்பியிருக்கக் கூடாது. துப்பாக்கியும் தோட்டாவும் கைக்கு எட்டக் கூடாது.

ஓட்டுநர்கள் 'நடுவில் உள்ள மாநிலம்' என்பதைப் பிடித்துக்கொள்கிறார்கள். புறப்படும் இடம், சேரும் இடம் என்ற இரண்டு நிபந்தனைகளை மறந்துவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். ஜார்ஜியாவில் 2022 முதல் பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச்செல்லலாம். மெய்ன் மாநிலத்தில் 2015 முதல் அப்படித்தான். அட்லாண்டாவில் சரக்கு ஏற்றி மெய்னின் போர்ட்லண்டில் இறக்கப் போகிறீர்கள். வழியில் நியூஜெர்சி, நியூயார்க், கனெக்டிகட், மாசசூசெட்ஸ். துப்பாக்கியை முறையாகப் பூட்டி வைத்திருந்தால் 926ஏ உங்கள் பக்கம்.

அடுத்த வாரம் அதே அட்லாண்டா, அதே 95-ஆம் நெடுஞ்சாலை, அதே பூட்டிய பெட்டி. ஆனால் சரக்கு நியூயார்க் பிராங்க்ஸில் உள்ள ஹண்ட்ஸ் பாயிண்ட் சந்தைக்கு. அங்கே உங்கள் ஜார்ஜியா பெர்மிட்டுக்கு மதிப்பில்லை. சேரும் இடத்தில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இல்லை என்றால் 926ஏ உங்களுக்கு இல்லை. பெட்டி எத்தனை நன்றாகப் பூட்டியிருந்தாலும் பயனில்லை. மெய்னுக்குப் போகும் வழியில் நியூஜெர்சியில் பாதிச் சரக்கை இறக்குவதாக இருந்தாலும் இதே சிக்கல். வழியாகப் போகிறவன் என்ற வாதம் அங்கே ஆட்டம் காண்கிறது.

காருக்கு டிக்கி உண்டு, போகும் ஊர் ஒன்று. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது அந்தக் கார்தான் என்று எனக்கு எப்போதும் தோன்றும். லாரிக்காரனுக்கோ டிக்கி கிடையாது. 'நடு மாநிலம்' என்று சட்டம் சொல்வதில்தான் பாதி நாள் அவன் வேலையே.

ஆகவே ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தாளை எடுத்து ஏற்றுமிடம், இறக்குமிடம், டீசல் போடும் இடம், தூங்கும் இடம் ஆகிய நான்கையும் மாநிலப் பெயரோடு எழுதுங்கள். ஏற்றுவதோ இறக்குவதோ உங்கள் பெர்மிட்டை ஏற்காத மாநிலத்தில் வந்தால் அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும். நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மேரிலாந்து, இல்லினாய் ஆகியவை வேறு மாநில பெர்மிட்டைப் பொதுவாக ஏற்காதவை. 2022-ல் உச்ச நீதிமன்றம் ப்ரூயன் வழக்கில் தந்த தீர்ப்புக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்பார்கள். பெர்மிட் தருவதற்கான நிபந்தனைகள்தான் மாறின. பக்கத்து மாநிலத்தின் பெர்மிட்டை ஏற்றாக வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அப்படி ஏற்கச் செய்யும் மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டைத் தாண்டவில்லை.

இல்லினாயில் மட்டும் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. சொந்த மாநில பெர்மிட் உள்ள வெளிமாநிலத்தவர், வண்டிக்குள் இருக்கும்வரை துப்பாக்கியை உடன் வைத்திருக்கலாம். இறங்கிப் போனால் வண்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். 2024 நிலவரப்படி பெர்மிட் தேவைப்படாத மாநிலங்கள் 29. அவற்றில் வசிப்பவரும் ஒரு பெர்மிட் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். இல்லினாய் எல்லையில் 'எங்கள் ஊரில் பெர்மிட்டே வேண்டாம்' என்ற பதிலால் வாதம் வளரலாம். அட்டையைக் காட்டுவது எளிது.

படி 4: பெட்டி

ஸ்லீப்பர் கேபினுக்குள் ஏறிப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து எழுந்து இரண்டு எட்டு வைத்தால் படுக்கை. படுக்கைப் பலகையைத் தூக்கினால் கீழே சாமான் அறை. பல வண்டிகளில் அதே அறைக்கு வெளியிலிருந்தும் கதவு உண்டு. சைடு பாக்ஸ் என்பார்கள். டயர் சங்கிலி, எண்ணெய் கேன், கையுறை எல்லாம் அங்கேதான் கிடக்கும். வெளியே கதவு இருப்பதால் அது தனி அறை ஆகிவிடாது. உள்ளிருந்தும் கை எட்டுகிறது அல்லவா?

ஓட்டுநர் பகுதியிலிருந்து தனியாகப் பிரிந்த அறை இல்லாத வண்டியில் துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். க்ளவ் பாக்ஸும், இருக்கைகளுக்கு நடுவே உள்ள கன்சோலும் பூட்டியிருந்தாலும் கணக்கில் வராது. ஆகவே சாவியோ எண்பூட்டோ உள்ள கனமான இரும்புப் பெட்டியை வாங்கி, வண்டியின் உடலோடு இரும்புக் கயிற்றால் கட்டிவிடுங்கள். தோட்டாவுக்கு வேறொரு பூட்டிய பெட்டி. சட்டம் இரண்டு பெட்டி கேட்கவில்லை. கேட்கும் போலீஸ்காரரிடம் விளக்க வேண்டிய சொற்கள் குறையும் என்பதற்காகச் சொல்கிறேன்.

டிரெய்லரில் மட்டும் வைக்காதீர்கள். முத்திரையிட்ட சரக்கை நீங்கள் திறக்கக் கூடாது. அதோடு, டிரெய்லரை ஒரு முற்றத்தில் விட்டுவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டு வா என்று டிஸ்பாட்சர் சொல்லும் நாள் வரும். உங்கள் துப்பாக்கி யாரோ ஒருவருடைய வண்டியின் பின்னால் ஓஹையோவுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழுது பார்க்க விடும்போதும் பெட்டியை எடுத்துவிடுங்கள்.

படி 5: எங்கே தூங்குவீர்கள்?

விதிப்படி 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேர ஓய்வு. இந்த 10 மணி நேரம்தான் ஆபத்து.

2005-ல் யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்கு விமானத்தில் போனார். பெட்டியில் துப்பாக்கி, முறைப்படி தெரிவித்து, பூட்டி. நியூஜெர்சியின் நியூவார்க்கில் இணைப்பு விமானம் தவறிவிட்டது. பெட்டியை வாங்கிக்கொண்டு விமான நிலைய விடுதியில் ஓர் இரவு தங்கினார். மறுநாள் காலை அதே பெட்டியைப் பதிவு செய்யக் கொடுத்தபோது கைது. குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில் 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விடுதி அறையில் பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, ஆகவே 926ஏ பொருந்தாது என்றது.

இதை லாரிக்குப் பொருத்திப் பாருங்கள். விடுதி அறையும் வண்டியும் ஒன்றாகிவிட்ட இடத்தில்தான் நீங்கள் தூங்குகிறீர்கள். நியூஜெர்சி டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை ஏறத்தாழ 120 மைல்தான். டெலவேர் பாலத்துக்கு முன்பே டீசல் போட்டு, ஓய்வையும் முடித்துக்கொண்டு, ஒரே ஓட்டத்தில் கடந்துவிடலாம். நேரக்கணக்கு இடிக்கிறதா? டிஸ்பாட்சரிடம் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மாட்டேன் என்றால் துப்பாக்கி வேண்டாம்.

926ஏ-யைப் பற்றி இன்னொன்று. அதே 2010-ல் நியூயார்க் பகுதிக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தப் பிரிவை மீறிக் கைது செய்த போலீஸ் மீது நீங்கள் நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்றது. அதாவது இந்தச் சட்டம் நீதிமன்றத்தில் உதவும். சாலையோரத்தில் விலங்கு மாட்டுவதைத் தடுக்காது. நீங்கள் உள்ளே இருக்கும்போது வண்டி கிரேனில் போகும், சரக்கு அழுகும்.

படி 6: தோட்டாவும் மேகசினும்

நியூயார்க் சட்டத்தில் 'நிரப்பிய துப்பாக்கி' என்பதன் பொருளைப் படித்தால் தலை சுற்றும். வெறுந்துப்பாக்கியும் அதற்குப் பொருந்தும் தோட்டாவும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் இருந்தாலே அது நிரப்பிய துப்பாக்கிதான். வீட்டுக்கு வெளியே உரிமமின்றி அப்படி வைத்திருப்பது, குறைந்தது மூன்றரை ஆண்டு சிறை கிடைக்கக்கூடிய குற்றம். நியூஜெர்சியிலும் கிரேவ்ஸ் சட்டம் என்ற பெயரில் ஏறத்தாழ அதே கணக்கு: 42 மாதம் பரோல் இல்லாத சிறை. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், தன் மாநில பெர்மிட் செல்லும் என்று நம்பி 2013-ல் நியூஜெர்சியில் போலீஸிடம் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். கைது, வழக்கு, அலைச்சல். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் முடிந்தது.

நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா மூன்றிலும் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்கு, அதாவது துப்பாக்கியில் செருகும் தோட்டாக் கூட்டுக்கு, தடை. நியூஜெர்சியில் முனை குழிந்த தோட்டாக்களுக்கும் கட்டுப்பாடு. அந்தப் பக்கம் போகிறவர் 10 தோட்டா மேகசினும் சாதாரணத் தோட்டாவும் வைத்துக்கொள்வதே நிம்மதி.

படி 7: மாநிலம் அனுமதித்தாலும் கூடாத இடங்கள்

பள்ளிக்கூடத்தின் எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்பது மத்தியச் சட்டம். பள்ளி இருக்கும் அதே மாநிலம் கொடுத்த பெர்மிட் இருந்தால் விலக்கு. வேறு மாநில பெர்மிட்டை அந்த மாநிலம் ஏற்றுக்கொண்டாலும், சட்டத்தின் சொற்படி இந்த விலக்கு கிடைக்காது. பெர்மிட் தேவையில்லாத மாநிலம் என்பதாலும் கிடைக்காது. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் குற்றமில்லை. ஊருக்குள் நுழைந்து மளிகைக் கடைக்குச் சரக்கு இறக்கும் லாரி ஒரு நாளில் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தபால் துறை வளாகங்களில், வண்டி நிறுத்துமிடம் உட்பட, விதி துப்பாக்கியைத் தடுக்கிறது. தபால் சுமப்பவர்கள் கவனிக்க. ராணுவ முகாம்களின் வாயிலில் வண்டியைச் சோதிப்பார்கள். பழங்குடியினர் நிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

படி 8: போலீஸ் நிறுத்தினால்

காரை விட லாரியை அடிக்கடி நிறுத்துவார்கள். எடை நிலையத்தில் முழுச் சோதனை என்றால் ஸ்லீப்பரையும் எட்டிப் பார்ப்பார்கள். உரிமம், வண்டிக் காகிதங்களைத் துப்பாக்கிப் பெட்டிக்கு அருகில் வைக்காதீர்கள். கைகள் ஸ்டியரிங் மேல், கேபின் விளக்கு எரியட்டும்.

மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில் மறைத்து எடுத்துச்செல்பவர் கேட்காமலே தெரிவிக்க வேண்டும். வேறு சில மாநிலங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கே என்றாலும் பொய் சொல்லாதீர்கள். சொல்லும்போது முதல் சொல்லாகத் 'துப்பாக்கி' வர வேண்டாம், "ஐயா, என்னிடம் பெர்மிட் இருக்கிறது, பூட்டிய பெட்டி படுக்கைக்குக் கீழே இருக்கிறது, நான் என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். வண்டி விதிச் சோதனையைத் தாண்டிப் பெட்டியைத் திறக்கச் சொன்னால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்ல உரிமை உண்டு. கையால் தடுக்கக் கூடாது.

படி 9: நாட்டு எல்லை

கனடாவுக்குள் கைத்துப்பாக்கி கொண்டு போக எண்ணவே வேண்டாம். 2022 முதல் அங்கே தனிநபர் கைத்துப்பாக்கி இறக்குமதியே நிறுத்தப்பட்டிருக்கிறது. டொராண்டோ பக்கமிருந்து சரக்கோடு வந்துபோகும் நம்மவர்கள், அமெரிக்க நண்பர் 'கொஞ்ச நாள் வைத்திரு' என்று தரும் தோட்டாப் பெட்டியைக்கூட வாங்கக் கூடாது.

மெக்சிகோ இன்னும் மோசம். 2012 ஏப்ரலில் டெக்சாஸ் ஓட்டுநர் ஒருவர், அரிசோனாவின் பீனிக்ஸுக்குப் போக வேண்டிய 2,68,000 தோட்டாக்களைச் சரக்காக ஏற்றிக்கொண்டு எல் பாசோவில் வழி தவறி, பாலத்தைத் தாண்டி சியுதாத் ஹுவாரெசுக்குள் போய்விட்டார். அது முறையான சரக்கு, கையில் காகிதமும் இருந்தது. ஏழு மாதம் போல மெக்சிகோச் சிறையில் இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார். எல் பாசோவில் 10-ஆம் நெடுஞ்சாலை எல்லையை உரசிக்கொண்டு போகிறது. திரும்ப வழியில்லாத வளைவு வரும் முன்பே வரைபடத்தைப் பார்த்துவிடுங்கள்.

துப்பாக்கி இல்லாமல்

இத்தனையும் படித்த பிறகு ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டப்படி பூட்டி, தோட்டா தனியாக, சாவி வேறிடத்தில் இருக்கும் துப்பாக்கி, நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எத்தனை வினாடியில் கைக்கு வரும்? கடுமையான மாநிலங்கள் வழியே ஓடுபவருக்கு அது பெரும்பாலும் மனச்சுமைதான் என்பது என் எண்ணம். தெற்கிலும் மேற்கிலும் மட்டும் ஓடுபவருக்குக் கணக்கு வேறு.

கதவுகளின் இரு பிடிகளையும் சீட் பெல்ட்டால் உள்ளிருந்து இழுத்துக் கட்டுவது பழைய ஓட்டுநர்களின் பழக்கம். நிறுத்துமிடத்தை மாலை நான்கு மணிக்கே பணம் கட்டிப் பதிவு செய்வது இன்னும் நல்லது. மிளகு ஸ்ப்ரே எல்லா மாநிலத்திலும் கிடைக்கும். அளவுக்கும் வயதுக்கும் கட்டுப்பாடு உண்டு. டயர் காற்றைத் தட்டிப் பார்க்கும் மரக்கட்டை ஒன்று எல்லா லாரியிலும் இருக்கிறது. அது டயர் பார்க்கத்தான் என்று எல்லோரும் சொல்வார்கள்.

அன்று இரவு தம்பியிடம் கதவைக் கட்டிக்கொண்டு தூங்கச் சொன்னேன். இரண்டு மாதம் கழித்து ஜார்ஜியாவில் முறைப்படி ஒன்று வாங்கி, பெர்மிட்டும் எடுத்தான். அதற்கு அடுத்த வாரம் அவனுக்கு வந்த சரக்கு வெங்காயம், இறக்குமிடம் ஹண்ட்ஸ் பாயிண்ட். "பெட்டியை மச்சான் வீட்டில் வைத்துவிட்டேன் அண்ணா," என்று புறப்படும் முன் அழைத்துச் சொன்னான். "வெங்காயத்தைத் திருட யார் வரப்போகிறார்கள்?"